மெர்ச்சண்டைசிங் படிக்க மான்செஸ்டர் வரும் தம்பிக்கு

தம்பி, "திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மூன்று வருடம் மெர்ச்சண்டைசராக இருந்தேன், இப்போது மான்செஸ்டரில் ஃபேஷன் ரீடெய்ல் எம்.எஸ்.சி. படிக்க இடம் கிடைத்திருக்கிறது, ரூம், சாப்பாடு, பார்ட் டைம், படித்து முடித்தால் வேலை எல்லாம் எப்படி?" என்று கேட்டிருந்தீர்கள். ரூமும் சாப்பாடும் பத்து நாளில் சரியாகிவிடும். ரஷோம் பக்கம் போனால் அரிசியும் பருப்பும் கிடைக்கும். படிப்பைப் பற்றித்தான் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

முதலில் மெர்ச்சண்டைசர் என்ற சொல். நம்ம ஊரில் அது, துணி வாங்குகிற பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் நிற்கிறவர். டெக் பேக்கை (ஆடையின் அளவும் விவரமும் உள்ள தாள்) படித்து, லேப் டிப் (சாய நிற மாதிரி) அப்ரூவல் வாங்கி, பிபி சாம்பிள் (உற்பத்திக்கு முந்தைய மாதிரி) அனுப்பி, நிட்டிங், டையிங், பிரிண்டிங் என்று அலைந்து, ஷிப்மென்ட் தேதிக்குள் பெட்டியை ஏற்றிவிடுகிறவர். இங்கே அதே பெயரில் இருப்பது வேறு வேலை. எந்த டிசைன், எந்தத் துணி என்று முடிவு செய்வது பையர். மெர்ச்சண்டைசர் கணக்குப் பார்க்கிறவர். எத்தனை பீஸ் வாங்குவது, எந்தக் கடைக்கு எந்த சைஸ் எத்தனை, எந்த வாரம் சரக்கு இறங்க வேண்டும், போகாத சரக்குக்கு எப்போது எவ்வளவு விலை குறைப்பது, எல்லாம் அவர் பொறுப்பு. கடை ஜன்னலில் பொம்மைக்கு உடுத்திவிடுகிறவர் விஷுவல் மெர்ச்சண்டைசர். அது மூன்றாவது வேலை.

2010 செப்டம்பரில் நான் வந்தபோது இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. முதல் வாரம் அனுபவம் கேட்டார்கள். லேப் டிப்பில் ஆரம்பித்து ஷிப்மென்ட் வரை சொன்னேன். ஆசிரியை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதற்கு இங்கே சோர்சிங் என்று பெயர்" என்றார். அப்புறம் திரையில் ஒரு எக்செல் தாளைத் திறந்தார். விற்பனையையும் சரக்கு இருப்பையும் வாரவாரம் பார்க்கிற தாள் அது. பெயர் டபிள்யூ.எஸ்.எஸ்.ஐ., வாயால் விஸ்ஸி என்பார்கள். வாரத்துக்கு ஒரு வரி: ஆரம்ப இருப்பு, விற்பனை, மார்க்டவுன் (விலைக் குறைப்பு), புது வரவு, கடைசி இருப்பு, இருக்கிற சரக்கு இன்னும் எத்தனை வாரத்துக்கு வரும். வகுப்பில் பாதிப் பேருக்கு அது புரிந்தது, எனக்கு ஒரு கட்டம்கூடப் புரியவில்லை. அன்று இரவு ரூமில் உட்கார்ந்து அழுதேன். வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைத்துத்தான் அப்பா என்னை அனுப்பியிருந்தார்.

அதனால் கிளம்பும் முன்பே எக்செல்லை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். கோர்ஸின் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம், உள்ளே என்ன மாட்யூல் என்று பாருங்கள். பையிங், மெர்ச்சண்டைஸ் பிளானிங், சப்ளை செயின் இருந்தால் வாருங்கள். முழுக்க பிராண்டிங்கும் மார்க்கெட்டிங்குமாக இருந்தால் உங்கள் மூன்று வருட அனுபவம் அங்கே வீண்.

ஏஜென்ட் சொல்வதை நம்ப வேண்டாம். "இரண்டு வருடம் விசா, அதற்குள் வேலை, அப்படியே செட்டில்" என்பார். படிப்பு முடித்ததும் இங்கே தங்கி வேலை பார்க்கத் தருகிற கிராஜுவேட் விசாவுக்கு 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு 18 மாதம்தான். அதற்குப் பிறகு, கம்பெனி ஸ்பான்சர் செய்கிற ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்கு மாற வேண்டும் என்றால், 2025 ஜூலையிலிருந்து பொதுச் சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு. புதிதாகச் சேருபவருக்கு 33,400. மெர்ச்சண்டைசிங்கில் முதல் படியான அட்மின் அசிஸ்டென்ட் வேலையில் இந்தப் பணம் வராது. வீட்டுக்காரம்மாவையும் கூட்டி வரலாம் என்று சொல்லியிருந்தால் அதுவும் பொய். 2024 ஜனவரியிலிருந்து ஆரம்பித்த இந்த மாதிரி எம்.எஸ்.சி.களுக்கு டிபென்டன்ட் விசா கிடையாது. இவ்வளவும் தெரிந்து, கடன் அடைக்க வேறு வழியும் வைத்துக்கொண்டு வருகிறீர்கள் என்றால் சரி.

பார்ட் டைம் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். நம்ம ஆட்களே, "டிகிரி பேருக்குத்தான், வேர்ஹவுஸில் நைட் ஷிஃப்ட் பார், மீதியைக் கையில் காசாக வாங்கிக்கொள்" என்று புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். டேர்ம் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம்தான். கோடையில் டிசர்ட்டேஷன் எழுதும் மாதங்களும் எம்.எஸ்.சி.காரர்களுக்கு டேர்ம்தான், விடுமுறை என்று நினைத்து மாட்டிக்கொள்ளாதீர்கள். ஐந்தாறு பேர் ஒரே வீட்டில் தங்கி, பகல் முழுக்கத் தூங்கி, ஒரு வருடம் முடிந்ததும் கோர்ஸில் என்ன நடத்தினார்கள் என்றே தெரியாமல் ஊர் திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அந்த வழியைக் காட்டிவிட்டவர்கள் இங்கே சொந்த வீட்டில் இருக்கிறார்கள்.

அந்த 20 மணி நேரத்தைத் துணிக்கடையில் செலவழியுங்கள். "துணி மடிக்கவா எம்.எஸ்.சி. படிக்கப் போனாய்" என்று என்னையும் கேட்டார்கள். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஒரு செயின் கடையில் நவம்பரில் சேர்ந்தேன். சனிக்கிழமை மாலை மூன்று மணிக்கு துணி மாட்டும் ரெய்லைப் பார்த்தால் சைஸ் 8-ம் 18-ம் தொங்கும். 12-ம் 14-ம் காலி. எந்த ஸ்டைலுக்கு எந்த சைஸை எத்தனை பேர் கேட்டுவிட்டு வெறும் கையோடு போனார்கள் என்று ஒரு சின்ன நோட்டில் எழுதி வைப்பேன். நூறு வருடத்தில் காணாத குளிர் என்றார்கள் அந்த டிசம்பரை. இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு நடந்தே போவேன். பின்னால் இன்டர்வியூவில் சைஸ் கர்வ் (எந்த சைஸ் எந்த விகிதத்தில் விற்கும் என்ற கணக்கு) பற்றிக் கேட்டபோது அந்த நோட்டைத்தான் எடுத்து வைத்தேன். வேலை கிடைத்தது. படித்து முடித்தவர்கள் வேலை பார்க்கத் தந்த பழைய போஸ்ட் ஸ்டடி விசா 2012 ஏப்ரலில் நின்றது. அதற்குள் நான் விண்ணப்பித்துவிட்டேன். அடுத்த வருடம் வந்தவர்கள் பலர் திரும்பிப் போனார்கள்.

நான் இந்தத் தொழிலைப் புரிந்துகொண்டது 2011 ஜனவரியில். 4-ம் தேதி இங்கே விற்பனைப் பொருள்களுக்கான வாட் வரி 17.5 சதவீதத்திலிருந்து 20 ஆனது. வாடிக்கையாளருக்கு 10 பவுண்டு டாப் 10 பவுண்டாகவே இருக்க வேண்டும் என்றால், வரி போகக் கடைக்குக் கிடைப்பது 8.51-லிருந்து 8.33 ஆகிறது. அந்த 18 பென்ஸை யார் தாங்குவது? வகுப்பில் எல்லோரும் சட்டென்று, "சப்ளையரிடம் பேசிக் குறைக்கலாம்" என்றார்கள். பஞ்சு விலை ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. அதே மாதம் 28-ம் தேதி, நொய்யல் மாசு வழக்கில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்பா கட்டிங் மாஸ்டர். போனில், "சாயம் போட ஆள் இல்லை கண்ணு, டேபிள் சும்மா கிடக்குது" என்றார். சப்ளையர் என்று அவர்கள் சொன்னது என் அப்பாவின் கட்டிங் டேபிளை. அடுத்த வகுப்பில் கையைத் தூக்கி அதைச் சொன்னேன். பங்களாதேஷ் துணிக்கு அந்த மாதம்தான் ஐரோப்பாவில் இறக்குமதி வரிச் சலுகைக்கான விதி தளர்ந்தது, இனி ஆர்டர் அங்கே போகும் என்பதையும் சொன்னேன். ஆசிரியை ஒன்றும் பேசாமல் எழுதிக்கொண்டார்.

இன்று லெஸ்டரில் ஒரு ஆடை நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வகுப்பில் உதாரணம் காட்டிய கடைகளில் பிஹெச்எஸ் 2016-ல் போயிற்று, டெபன்ஹாம்ஸ் கடைகள் 2021-ல் மூடின. ஆனால் சாயம் தாமதமானால் ஷிப்மென்ட் எத்தனை நாள் தள்ளும் என்று மீட்டிங்கில் என்னைத்தான் கேட்பார்கள். உங்களுக்கும் அது தெரியும். கூடப் படிக்கப்போகிற பிள்ளைகள் பலருக்கு அது தெரியாது.

டெபாசிட் கட்டுவதற்கு முன் அந்த மாட்யூல் பட்டியலை அனுப்புங்கள் தம்பி, பார்த்துச் சொல்கிறேன். குளிர்கோட்டு அங்கே வாங்க வேண்டாம், இந்தக் குளிருக்குத் தாங்காது.