ஈச்சிலம்பற்றுக் காணியில வந்த கற்பலகைகள்

கிணறு வெட்டேக்க கற்பலகைகள் பெட்டி மாதிரி நிக்குது, உள்ளே கறுப்பு-சிவப்புச் சட்டியும் எலும்புத் துண்டும் எண்டு கேட்டிருக்கிறீங்கள். பெருங்கற்கால ஈமக்கல்லறையா, அதாவது செத்த ஆக்களைப் பெரிய கல்லுகள் வைச்சு அடக்கம் செய்த பழங்காலத்துக் கல்லறையா இருக்கலாம். பக்கத்துக் கதிரவெளியிலயும், தம்புள்ளைக்குக் கிட்ட இப்பன்கட்டுவயிலயும் இருக்கிறது இந்த வகைதான்.

வெட்டுறதை உடனே நிப்பாட்டுங்கோ. சட்டியைத் தூக்கவோ கழுவவோ வேண்டாம். உள்ள கிடக்கிற கரியும் எலும்பும்தான் காலத்தைச் சொல்லும்; சட்டியை விட அதுதான் பெறுமதி. (புதையல் கதை கட்டுற ஆக்களிட்ட மூச்சு விடாதீங்கோ.) பக்கத்தில அடிமட்டம் வைச்சுப் படம் எடுங்கோ. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி கண்டதை அறிவிக்க வேணும். பிரதேச செயலகத்தில எழுத்தில குடுத்து, திகதி முத்திரையோட ஒரு பிரதி வாங்குங்கோ. காணி போயிடுமோ எண்ட பயம் விளங்குது. அதாலதான் காணி உறுதியின்ர பிரதியையும் சேர்த்துக் குடுக்கச் சொல்லுறன்.