தேக்கில் வெள்ளை இருந்தால் நிலைக்கு ஆகுமா?

கேள்வி: தலைவாசல் நிலைக்குத் தேக்கு அறுத்து வாங்கினேன். ஒரு காலில் மட்டும் ஓரமாக, மேலிருந்து கீழ்வரை ஒரு அங்குலத்துக்கு வெளுத்திருக்கிறது. ஆசாரி மாற்றச் சொல்கிறார். கடைக்காரரோ, ‘தேக்குதானே, பாலிஷ் போட்டால் தெரியாது’ என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: ஆசாரி சொல்வதுதான். பாலிஷ் போட்டால் நமக்குத் தெரியாது, கரையானுக்குத் தெரியும்.

தேக்கைக் கரையான் தொடாது என்ற பேச்சு வைரத்துக்கு, அதாவது மரத்தின் உள்பக்கத்துக் கெட்டியான பகுதிக்கு மட்டுமே பொருந்தும். நிற்கிற மரத்தில் வேரிலிருந்து தண்ணீர் ஏறுவது வெளிச்சுற்றில் உள்ள வெள்ளை வழியாக. மாவுச்சத்து தங்குவதும் அங்கேதான். அதனால் கரையானும் துளைப்பூச்சியும் முதலில் அதில்தான் வாய் வைக்கும். வயது ஏற ஏற உள்பக்கம் வைரம் பாய்கிறது. டெக்டோகுவினோன் என்ற, கரையானுக்கு ஆகாத பொருள் அதில் இருக்கிறது. எண்ணெய்ப் பசையும் ரப்பர் போன்ற ஒரு பொருளும் இருப்பதால் தண்ணீரும் சுலபத்தில் ஊறாது. கப்பல் கட்டத் தேக்கைத் தேடி அலைந்த ஆங்கிலேயர்கள் 1840களில் கேரளத்து நிலம்பூரில் தோட்டமே போட்டதற்குக் காரணம் இந்த வைரம்தான்.

இளமரமாக இருந்தால் வெள்ளையின் பங்கு கூடுதல். பத்துப் பதினைந்து வருஷத் தோட்டத் தேக்கில் இந்தத் தகராறு அடிக்கடி வரும். சிலர் வெள்ளைக்குச் சாயம் ஏற்றியும் விற்கிறார்கள். சந்தேகமாக இருந்தால் ஓரிடத்தில் லேசாக இழைத்துப் பாருங்கள், நிறம் மாறினால் புரிந்துவிடும். வைரத்தை இழைத்தால் பதனிட்ட தோல் வாசனை அடிக்கும், விரலில் மெழுகு தடவினாற்போல் இருக்கும்.

‘வெள்ளையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிடலாம்’ என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். கரையான் மண்ணிலிருந்து சுவர் இடுக்கு வழியாகத்தான் ஏறும். நிலையின் பின்பக்கத்தை நாம் திரும்பப் பார்ப்பதே இல்லை. போரிக் ஆசிட், போராக்ஸ் கரைசலில் ஊறவைத்தால் வெள்ளைக்கும் ஆயுள் கூடும். ஆனால் சாரல் அடிக்கிற இடத்தில் அந்த மருந்து கரைந்து போய்விடும். எனவே அந்தத் துண்டை மருந்து ஏற்றி அலமாரித் தட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், தலைவாசலுக்கு வேண்டாம்.

கடைக்காரர் மாற்றித் தர மறுத்தால், வெள்ளையை முழுக்க இழைத்துத் தள்ளிய பிறகும் கதவைத் தாங்குகிற கனம் மிஞ்சுமா என்று ஆசாரியைக் கேளுங்கள். மிஞ்சினால் அப்படியே செய்யலாம். ஆனால் இழைத்த பிறகு நிற்கும் அளவுக்குத்தான் கன அடி கணக்குப் போடவேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.