பாம்பு, சுவடி, பாழடைந்த பங்களா: வாடகை நூலக அக்காவிடம் கேளுங்கள்

மதுரையில் இருபத்திரண்டு வருடம் வாடகை நூலகம் நடத்தினேன். கடையின் வலது மூலையில் மர்மமும் மாயமும் கலந்த நாவல்களுக்கென்று தனி அலமாரி. அதன் முன்னால் நிற்பவர்கள் இரண்டே வகை: பள்ளி விட்டு யூனிஃபார்மோடு வரும் பெண்பிள்ளைகள், காய்கறிக் கூடையோடு வரும் அவர்களுடைய அம்மாக்கள். ஒரே புத்தகத்துக்கு இரண்டு பேரும் சண்டை போட்டதையும் பார்த்திருக்கிறேன். இப்போது கடை இல்லை, ஞாபகம் மட்டும் இருக்கிறது. கேளுங்கள். இரண்டு விஷயம் முன்கூட்டியே: முடிவை உடைத்துக் கேள்வி கேட்காதீர்கள், பிடிஎஃப் கேட்காதீர்கள்.

தேனியிலிருந்து ஓர் அம்மா: எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் பேய்க்கதை வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். பயந்துவிடுவாளோ என்று யோசனை. எதிலிருந்து ஆரம்பிக்கலாம் அக்கா?

வேதாளத்திலிருந்து ஆரம்பியுங்கள். சிரிக்காதீர்கள். சுடுகாடு, பிணம், தோளில் ஏறிக் கதை சொல்லும் வேதாளம் என்று பேய்க்கதைக்கு வேண்டியது எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கதையும் முடிகிற இடத்தில் ஒரு கேள்வி வருகிறது. விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் ராஜாவின் தலை வெடித்துவிடும். வாய் திறந்தால் மௌனம் கலைந்து வேதாளம் மறுபடி மரமேறிவிடும். இந்த நிபந்தனையை முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். மாயம் என்ன செய்யும், எங்கே நிற்கும் என்பது தெரிந்த பிறகுதான் புதிர் வருகிறது. கேள்வி வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, "நீ ராஜாவாக இருந்தால் என்ன சொல்வாய்?" என்று கேளுங்கள். அவளுக்குத் துப்பறியும் புத்தி வளர அது போதும்.

ஆங்கிலம் படிப்பாள் என்றால் நான்சி ட்ரூ என்ற துப்பறியும் பெண்ணின் கதைகள். 1930-ல் ஆரம்பித்த வரிசை. பழைய வீட்டில் சத்தம், மாடிப்படியில் நிழல் என்று மிரட்டுவார்கள். கடைசியில் ரகசிய வழியும் திருட்டுப்பயலும்தான் மிச்சம். ராத்திரி விளக்கைப் போட்டுக்கொண்டு தூங்குகிற பிள்ளைக்கு அது நல்லது. அடுத்தது டயானா வின் ஜோன்ஸ் 1986-ல் எழுதிய நாவல், 'ஹவுலின் நகரும் கோட்டை' என்று சொல்லலாம். தொப்பிக் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணைச் சூனியக்காரி கிழவியாக்கிவிடுகிறாள். சாபம் பட்டதை அவளால் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. முதல் அத்தியாயத்தில் அவள் தொப்பிகளோடு பேசிக்கொண்டிருப்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். இதற்கு மேல் நான் சொல்லமாட்டேன்.

ஹாரி பாட்டர் தமிழிலும் வந்திருக்கிறது. முதல் புத்தகத்தின் பெயர் 'ஹாரி பாட்டரும் ரசவாதக் கல்லும்'. மர்மக்கதையாக எடுத்துக்கொண்டால் எனக்கு மூன்றாவது புத்தகம்தான் உசத்தி. முடிச்சு அவிழ்ந்ததும் திரும்பிப் பார்த்தால் துப்பு அத்தனையும் கண்ணெதிரில்தான் கிடந்திருக்கும்.

பயத்தைப் பற்றி ஒன்று. பேய் வந்ததால் பயந்து புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்த பிள்ளை என் கடையில் ஒன்றுகூட இல்லை. கதையில் நாய் செத்துவிட்டது என்று அழுதுகொண்டு திருப்பித் தந்தவர்கள் உண்டு. நீங்கள் முதலில் நாயைக் கவனியுங்கள்.

சிவகாசியிலிருந்து ஒரு வாசகி: சின்ன வயதில் படித்த நாவல், பெயர் மறந்துவிட்டது. பச்சை அட்டை, நடுவில் பாம்பு, பின்னால் ஒரு பெண்ணின் முகம். என்ன புத்தகம்?

அந்த அலமாரியில் பாதி அதுதான் அம்மா. வேறு அடையாளம் இருந்தால் சொல்லுங்கள்.

திருச்சியிலிருந்து, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்: அடிப்படையிலேயே எனக்கு ஒரு சந்தேகம். பூட்டிய அறைக்குள் கொலை. கொலைகாரன் மந்திரத்தால் சுவரைத் தாண்டினான் என்றால் அதில் துப்பறிய என்ன இருக்கிறது? ரொனால்ட் நாக்ஸ் 1929-லேயே துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளை எழுதி, அமானுஷ்யத்துக்கு இடமே இல்லை என்று விதித்துவிட்டார். இது கலப்படச் சரக்கு இல்லையா?

சார், நாக்ஸ் பாதிரியார். வாரம் முழுக்க அற்புதங்களைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவர், கதையில் மட்டும் அற்புதம் கூடாது என்றார். அதை நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வரும். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. கடைசி அத்தியாயத்தில் முளைக்கிற மந்திரம் மோசடிதான். ஆனால் அதற்கு மருந்து மந்திரத்தைத் துரத்துவது இல்லை, மந்திரத்துக்கு விதி போடுவது.

மணிமேகலையை எடுத்துக்கொள்ளுங்கள். மணிமேகலா தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரம் தருகிறது: வேற்று உருவம் எடுக்க, வானத்தில் போக, பசி தாங்க. அவ்வளவுதான், நாலாவது கிடையாது. சோழ இளவரசன் உதயகுமாரன் துரத்துகிறான் என்று அவள் காயசண்டிகை என்ற பெண்ணின் உருவத்தை எடுக்கிறாள். காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் வந்து பார்க்கிறான். "மனைவி" தன்னைக் கண்டுகொள்ளாமல் வேறொருவனிடம் நின்று பேசுகிறாள். அவன் மறைந்திருக்கிறான். நடுராத்திரியில் உதயகுமாரன் அவள் தங்கியிருக்கும் உலக அறவி என்ற அம்பலத்துக்குள் வர, காஞ்சனனின் வாள் விழுகிறது. கொலை, ஆள்மாறாட்டம், தவறான சந்தேகம். எல்லாவற்றுக்கும் காரணம் முன்பே கொடுத்த அந்த ஒரு மந்திரம். அப்புறம் தூணில் இருக்கும் கந்திற்பாவை வாய் திறந்து, யார் யாருடைய உருவத்தில் இருந்தார்கள், நிஜமான மனைவி எங்கே போனாள் என்று அவிழ்த்துச் சொல்கிறது. எல்லோரையும் உட்காரவைத்துக் கடைசியில் விளக்கம் சொல்லும் துப்பறிவாளரின் வேலை. இதைக் கலப்படம் என்பீர்களா?

மதுராந்தகத்திலிருந்து: மேடம், நீங்கள் சொன்ன புத்தகங்களின் பிடிஎஃப் கிடைக்குமா?

கிடையாது.

மறுபடி கணித ஆசிரியர்: மன்னிக்கவும். மணிமேகலையில் வாசகருக்கு உருமாற்றம் முதலிலேயே தெரியும். தெரியாதவன் காஞ்சனன் மட்டும். அது பதைபதைப்பு, புதிர் இல்லை. உங்கள் உதாரணம் என் கட்சிக்குத்தான் வலு சேர்க்கிறது.

சரி, அந்தப் புள்ளி உங்களுக்கு. கணக்கு வாத்தியாரிடம் வாய் கொடுத்தது என் தப்பு. ஆனாலும் விதி முதலில், விபரீதம் பிறகு என்ற வரிசையை நீங்கள் மறுக்கவில்லை. அந்த வரிசையை வைத்துக்கொண்டு, உருமாறியதை மட்டும் வாசகரிடமிருந்து மறைத்து எழுதினால் புதிர் ஆகிவிடும். மந்திரம் மூன்று என்று தெரியும், எப்போது எதை எடுத்தாள் என்று தெரியாது. நீங்கள் தரும் கணக்கும் அப்படித்தானே? சூத்திரம் கரும்பலகையில் இருக்கும். எதைப் போடுவது என்பதுதான் மாணவன் பாடு.

கோவையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி, குறுக்கே: இரண்டு பேருமே சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' பற்றிப் பேசவில்லையே? துப்பறியும் வக்கீல்கள் இரண்டு பேரில் வசந்த் பேய் என்கிறான், கணேஷ் அறிவியல் என்கிறான். எனக்கு அந்த இழுபறிதான் பிடிக்கும். ஏன் ஒரு பக்கம் தீர்ப்புச் சொல்லியே ஆகவேண்டும்?

வா அம்மா. அது மூன்றாவது கட்சி. அந்தக் கட்சிக்கு ஆள் அதிகம். இந்திரா சௌந்தர்ராஜன் பல கதைகளில் இந்த விளையாட்டைத்தான் ஆடினார். அவருடைய 'மர்மதேசம்' தொலைக்காட்சியில் வந்த தொண்ணூறுகளில், அது ஓடும் ராத்திரிக்கு மறுநாள் காலை என் கடையில் கூட்டம் பிதுங்கும். மனிதக் கை ஒன்று கண்ணுக்குத் தெரியும், அதற்குள் அடங்காத ஏதோ ஒன்று மிச்சம் இருக்கும். பகுத்தறிவுக்காரரும் பக்தரும் ஒரே புத்தகத்தை எடுத்துப் போய், ஆளுக்கொரு முடிவோடு திரும்புவார்கள். 2024-ல் அவர் காலமான செய்தி வந்த அன்று பழைய வாடிக்கையாளர்கள் நாலைந்து பேர் எனக்கு ஃபோன் செய்தார்கள். துக்கம் விசாரிப்பது போலவே பேசினார்கள்.

கணித ஆசிரியர்: விடையை எழுதாமல் பேப்பரைக் கொடுத்துவிட்டுப் போகிறவனுக்கு நான் மதிப்பெண் போட்டதில்லை.

கோவை மாணவி: சார், இது பேப்பர் இல்லை, நாவல்.

இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். விடை சொல்வதிலும் வம்பு இருக்கிறது சார். 1794-ல் ஆன் ராட்க்ளிஃப் என்ற இங்கிலாந்துப் பெண்மணி 'உடால்ஃபோவின் மர்மங்கள்' எழுதினார். இத்தாலி மலைக்கோட்டையில் அடைபட்ட இளம்பெண். அங்கே ஒரு கறுப்புத் திரை. திரையை விலக்கிப் பார்த்ததும் அவள் மயங்கி விழுகிறாள். என்ன பார்த்தாள் என்று நமக்குச் சொல்வதில்லை. நூற்றுக்கணக்கான பக்கம் தாண்டி, அது ஒரு மெழுகுப் பொம்மை என்கிறார். விடை என்னவோ சரிதான், ஆனால் படித்த எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அந்தக் கால இளம்பெண்கள் விழுந்து விழுந்து படித்த நாவல் அது. அந்த மோகத்தையே கிண்டல் செய்து ஜேன் ஆஸ்டின் ஒரு நாவல் எழுதினார். அதன் நாயகி விருந்துக்குப் போன வீட்டில் அலமாரியைத் துழாவி, ரகசியச் சுவடி என்று நினைத்து எடுத்தால் அது சலவைக் கணக்கு.

என் கட்சி இதுதான்: பேயாகவே இருக்கட்டும், ஆளாகவே இருக்கட்டும், இரண்டுமாகவும் இருக்கட்டும். பயத்துக்குச் சமமான எடையில் விடை இருக்க வேண்டும். மெழுகுப் பொம்மை எடை குறைவு. இந்த விவகாரத்தை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். காத்திருப்பவர்கள் என்னைத் திட்டுகிறார்கள்.

விருதுநகரிலிருந்து: அக்கா, ஒரு நாவல் தேடுகிறேன். பாம்பு படம் போட்ட அட்டை, பச்சை நிறம்...

மேலே இதே கேள்வி இருக்கிறது. பதிலும் இருக்கிறது.

சென்னையிலிருந்து, ஐடி வேலை பார்க்கும் ஒரு வாசகி: நான் ஆன்லைன் தொடர்கள்தான் படிப்பேன். ஓலைச்சுவடி, நாகக்கல், முன்ஜென்மம் எல்லாம் வரும், யூடிக்காக, அதாவது அடுத்த அத்தியாயத்துக்காகக் காத்திருப்பேன். சமீபகாலமாக ஹீரோ ஹீரோயினை அடிக்கிறான், கடத்துகிறான், பூட்டிவைக்கிறான். கேட்டால் "போன ஜென்மத்தில் கணவன், அந்த உரிமை" என்கிறார்கள். எனக்கு மட்டும்தான் உறுத்துகிறதா?

உங்களுக்கு மட்டும் இல்லை. பதினைந்து வயதுப் பிள்ளைகள் இதைப் பள்ளி வேனில் ஃபோனில் படிக்கிறார்கள் என்பது என்னை இன்னும் உறுத்துகிறது. ஆன்டி ஹீரோ என்று பெயர் வைத்துவிட்டால் எல்லாம் செல்லும் என்று ஆகிவிட்டது. மர்மம் என்று முகப்பில் போட்டிருக்கும். ஆனால் கதையில் அவிழ்க்க வேண்டிய ஒரே முடிச்சு, அவன் ஏன் அவளை அடித்தான் என்பதாக இருக்கும். விடை, முன்ஜென்மத்தில் அவள் துரோகம் செய்தாள். போதுமடா சாமி.

திரும்பவும் மணிமேகலைக்கே வருகிறேன், கணக்கு சார் பொறுத்துக்கொள்ளட்டும். முற்பிறவியில் அவள் இலக்குமி, உதயகுமாரன் அவளுடைய கணவன் இராகுலன். மணிபல்லவத் தீவில் இது அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. மனம் அவன் பக்கம் சாய்வதையும் சாத்தனார் மறைக்கவில்லை. அப்படியும் அவள் அவனோடு போகவில்லை. முன்ஜென்மக் கணவன் என்பது இந்த ஜென்மத்துக்கு உரிமைப் பத்திரம் ஆகாது என்பது அத்தனை நூற்றாண்டுக்கு முன்பே ஒரு புலவருக்குத் தெரிந்திருக்கிறது. இன்றைக்கு யூடி போடுகிறவர்களுக்குத்தான் தெரியவில்லை.

அம்மாக்களுக்கு என் எச்சரிக்கை, பத்தாவது தடவையாக: அட்டையைப் பார்த்துக் கொடுக்காதீர்கள். நடுவில் ஒரு பத்துப் பக்கம் படித்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். நடுவில் என்றேன். கடைசியில் இல்லை.

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகி: நாவலில் வரும் வசிய மந்திரங்கள் பலிக்குமா?

நான் புத்தகக் கடைக்காரி. உறவில் ஏதாவது சிக்கல் என்றால் நம்பிக்கையான ஒருவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். மந்திரத்துக்குப் பணம் கேட்கிறவர்களிடம் மட்டும் போகாதீர்கள்.

ஈரோட்டிலிருந்து, எழுத முயலும் ஒருவர்: என் கதையில் எல்லோரும் குகையில் மாட்டிக்கொண்டார்கள். கடைசியில் ஒரு சித்தர் தோன்றிக் காப்பாற்றுவதாக முடிக்கலாமா?

சித்தர் முதல் அத்தியாயத்தில் வந்தாரா? வரவில்லை என்றால் அவர் சித்தர் இல்லை, லிஃப்ட். முதல் அத்தியாயத்துக்குப் போய் அவரை ஒரு டீக்கடையில் உட்காரவையுங்கள்.

சேலத்திலிருந்து: பிடிஎஃப்...

அடுத்தவர்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி: முடிவு தெரியாமல் என்னால் படிக்கவே முடியாது. கடைசிப் பக்கத்தை முதலில் படித்தால் என்ன தப்பு?

உங்கள் புத்தகம் என்றால் உங்கள் இஷ்டம். வாடகைப் புத்தகத்தில் அதைச் செய்தவர்கள் அதோடு நிறுத்தவில்லை. முப்பதாம் பக்கத்தில் கொலைகாரன் பெயருக்குக் கீழே பென்சிலில் கோடு போட்டு, "இவன்தான்" என்று எழுதிவைப்பார்கள். ரப்பர் வைத்து அழித்து அழித்து எனக்குக் கை வலி வந்தது. ஒருநாள் வெறுத்துப்போய் நானே பென்சிலை எடுத்தேன். சம்பந்தமே இல்லாத பாத்திரங்களுக்குக் கோடு போட ஆரம்பித்தேன். சமையல்காரப் பாட்டி, தபால்காரர், ஒரு கதையில் கிளி. எது உண்மைக் கோடு, எது பொய்க் கோடு என்று தெரியாமல் எல்லோரும் ஒழுங்காகப் படித்தார்கள்.

ராஜபாளையத்திலிருந்து ஒரு வாசகி: மேலே இரண்டு பேர் கேட்ட அதே பச்சை அட்டைப் பாம்பு நாவலைத்தான் நானும் தேடுகிறேன், கோபப்படாதீர்கள். என்னிடம் இருப்பதில் அட்டையும் முதல் பத்துப் பக்கமும் போய்விட்டன, அதனால்தான் பெயர் தெரியவில்லை. கல்யாணத்துக்கு முன்பு மதுரையில் இருந்தபோது எடுத்தது. நாற்பத்திரண்டாம் பக்கத்தில் பூக்காரியின் பெயருக்குக் கீழே கோடு போட்டு "இவள்தான்" என்று எழுதியிருக்கிறது. ஆனால் கடைசிவரை படித்தால் அவள் ஒன்றும் செய்யவில்லையே அக்கா?

அது என் கையெழுத்து. புத்தகமும் என்னுடையது. பெயரை அப்புறம் சொல்கிறேன், முதலில் அதைக் கூரியரில் அனுப்புங்கள். சிவகாசிக்காரரும் விருதுநகர்க்காரரும் வரிசையில் நிற்கிறார்கள்.