விவாதத்துக்கு மறுநாள்

அன்புள்ள ஐயா,

இரவுப் பணி செய்பவன் நான். அமெரிக்க அதிபர் வேட்பாளர்களின் தொலைக்காட்சி விவாதங்களைத் தவறவிடுவதில்லை. 2024 செப்டம்பர் 10 அன்று கமலா ஹாரிஸ் டிரம்பைத் திணறடித்தார், நவம்பரில் தோற்றுப்போனார். அவர் கேட்டபடி இன்னும் சில விவாதங்கள் நடந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா? அல்லது எதைக் காட்டினாலும் விளங்கிக்கொள்ளாத முட்டாள்களா அந்த வாக்காளர்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இரவெல்லாம் உழைத்துவிட்டு, நம் நேரப்படி காலை ஆறரை மணிக்குத் தொடங்கிய விவாதத்தைத் தூங்காமல் பார்த்திருக்கிறீர்கள். உங்களிடம் எனக்குப் பிரியம் உண்டாக அதுவே போதும். ஆனால் 'முட்டாள்கள்' என்ற சொல்லை நீங்கள் எழுதியிருக்கக் கூடாது. வாடகையையும் மளிகைக் கணக்கையும் மனத்தில் வைத்து முடிவெடுத்த ஒருவர், ஒன்றரை மணிநேரப் பேச்சைக் கேட்டு அதை மாற்றிக்கொள்ளாததை நிதானம் என்றும் சொல்லலாம். நீங்களும் முடிவெடுத்த பிறகுதானே பார்க்க உட்கார்ந்தீர்கள்?

விவாதங்களின் எண்ணிக்கையைப் பற்றிப் பேசப் பெரிதாக ஒன்றுமில்லை. கட்சிக்குள் நடக்கும் போட்டியில், பெயர் தெரியாத ஒருவர் அறிமுகமாக விவாதங்கள் உதவும். ஆயினும் அங்கேயே, 2024இல் குடியரசுக் கட்சி நடத்திய விவாதங்களில் ஒன்றில்கூடக் கலந்துகொள்ளாத டிரம்ப்தான் வேட்பாளரானார். 1984இல் முதல் விவாதத்தில் தடுமாறிய அதிபர் ரீகன் 49 மாநிலங்களில் வென்றார்.

நான் சில காலமாக யோசித்துக்கொண்டிருப்பது வேறொன்று. 1976 அக்டோபர் 6 அன்று, சான் பிரான்சிஸ்கோவில் எதிர் வேட்பாளர் கார்ட்டருடன் நடந்த விவாதத்தில், கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை என்று அதிபர் ஃபோர்டு சொன்னார். போலந்திலும் ஹங்கேரியிலும் சோவியத் படைகள் நின்றிருந்த காலம் அது. விவாதம் முடிந்த உடனே கேட்டபோது, பார்த்தவர்களில் கூடுதலானோர் ஃபோர்டே நன்றாகப் பேசினார் என்றனர். அந்த வாக்கியம் அவர்களை உறுத்தவில்லை. செய்திகள் அதையே திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்ன பின், மறுநாள் மாலைக்குள் பெரும்பான்மையினர் கார்ட்டர் வென்றதாகச் சொன்னார்கள். நன்றாகக் கவனியுங்கள்: பேசிய பேச்சு மாறவில்லை, கேட்ட காதும் மாறவில்லை, இடையில் ஒரு பகல் கழிந்தது, அந்தப் பகலில் பிறர் சொன்னதைக் கேட்டு, தாம் கண்ணால் கண்டதையே அவர்கள் வேறாக நினைவுகொண்டார்கள். ஆகவே வேட்பாளர் மேடையில் எத்தனை முறை ஏறினார் என்று எண்ணுவதில் பொருளில்லை. இறங்கிய பிறகு அவரைப் பற்றி என்ன கதை பரவியது என்றுதான் பார்க்க வேண்டும். 2024 ஜூன் 27 அன்று, கமலாவுக்கு முன் போட்டியில் இருந்த பைடன் தடுமாறியதை வாக்காளர்கள் மறந்திருக்கக்கூடும், அவருடைய கட்சிக்காரர்களே மூன்று வாரங்களுக்கு மேல் அதையே பேசிக்கொண்டிருக்காமல் இருந்திருந்தால்.

இதை நான் முதலில் கண்டது எங்கள் ஊர்க் கோயில் திருவிழாப் பட்டிமன்றத்தில். தமிழாசிரியரான என் அப்பாதான் ஆண்டுதோறும் நடுவர். நள்ளிரவு தாண்டித் தீர்ப்புச் சொல்லும்போது முன்வரிசையில் பாதிப்பேர் பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். ஓர் ஆண்டு அவர் ஓர் அணிக்குத் தீர்ப்பளித்துவிட்டு வந்தார். விடிந்ததும் டீக்கடையில் மற்ற அணி வென்றதாகப் பேசிக்கொண்டிருந்தார்கள், அந்த அணிப் பேச்சாளர் ஒருவரின் வேடிக்கையான குரலை ஒருவர் அச்சாக நடித்துக் காட்டிக்கொண்டிருந்ததால். "நான்தானய்யா நடுவர்" என்று அப்பா சொல்லிப் பார்த்தார். நடித்துக் காட்டியவர் மிகுந்த மரியாதையுடன் எழுந்து, "சார், நீங்கள் பாதியில் தூங்கியிருப்பீர்கள்" என்றார். அவர் அன்றிரவு ஊரிலேயே இல்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.