இரும்புச்சத்து மாத்திரை போட்டும் ஹீமோகுளோபின் ஏன் ஏறவில்லை?

இரண்டு மாதமாக மாத்திரை போட்டும் 9-லேயே நிற்கிறது என்கிறீர்கள். எதோடு விழுங்குகிறீர்கள்? டிபன் முடிந்ததும் மாத்திரை, கையோடு ஒரு டம்ளர் காபி என்றால் அங்கேயே காரியம் கெட்டது. காபி, டீயில் உள்ள பாலிஃபீனால்கள் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாது. கால்சியம் மாத்திரையும் இடைஞ்சல்தான். வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாறோடு போட்டால் நன்றாகச் சேரும். வயிற்றைப் புரட்டுகிறதா? சரி, சாப்பிட்டபின் போடுங்கள். காபியை மட்டும் இரண்டு மணி நேரம் தள்ளிவையுங்கள். மலம் கறுப்பாகப் போவது சகஜம் (பலர் இதைப் பார்த்தே பயந்து நிறுத்திவிடுகிறார்கள்). ஹீமோகுளோபின் அளவு 12-ஐத் தாண்டினாலும் உடலின் சேமிப்பு நிரம்ப இன்னும் சுமார் 3 மாதம் தொடரச் சொல்வார்கள். இப்படி மாற்றிப் போட்டும் ஏறாவிட்டால் ஃபெரிட்டின் (உடலில் சேமித்துள்ள இரும்பைக் காட்டுவது), வைட்டமின் பி12 பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமென்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.