மாணவர்கள் எடுத்த குறும்படத்தைப் பற்றி வகுப்பில் பேசுவது

வணக்கம் டீச்சர். நிறத்துக்காகக் கிண்டலுக்கு ஆளாகும் ஒரு பெண்ணைப் பற்றி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எடுத்த குறும்படத்தைப் போட்டுக்காட்டி, "என்ன புரிந்தது?" என்று கேட்டதும் வகுப்பே வாயை மூடிக்கொண்டது என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கேள்விதான் சிக்கல். அது பரீட்சைக் கேள்வி மாதிரி இருக்கிறது. தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயப்படுவார்கள்.

படத்தை நடுவிலேயே நிறுத்துங்கள். நிறத்தைச் சொல்லிக் கிண்டல் செய்யும் காட்சியில், சிரிக்காமல் உட்கார்ந்திருக்கும் பையன் மனதில் என்ன ஓடுகிறது என்று கேளுங்கள். அவனைப் பற்றிப் பேசுவதுபோலத் தங்களைப் பற்றியே பேசுவார்கள், ஆனால் யாரும் மாட்டிக்கொள்ள மாட்டார்கள். "உனக்கு இப்படி நடந்திருக்கிறதா?" என்று மட்டும் எல்லோர் முன்னாலும் கேட்டுவிடாதீர்கள். பெயர் எழுதாத துண்டுச்சீட்டு போதும்.

கடைசியில் அந்தப் பெண் தற்கொலைக்கு முயல்வதாக முடித்திருப்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் திரைத்துறையினருக்காகவே ஒரு கையேடு வெளியிட்டது. தற்கொலை முறையைக் காட்டாதீர்கள், உதவி கேட்டு மீள்பவர்களைக் காட்டுங்கள் என்கிறது அது. படம் எடுத்த பிள்ளைகளையே வேறு முடிவு எழுதச் சொல்லுங்கள். யாரிடம் போய்ச் சொல்வாள் என்று அவர்கள் யோசிப்பதே நல்ல விவாதம்.

அப்புறம் யாராவது தனியாக வந்து பேசினால், ரகசியமாக வைப்பேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பாலியல் தொல்லை என்றால் போக்சோ சட்டப்படி நாம் புகார் தெரிவித்தே ஆகவேண்டும். குழந்தைகள் உதவிக்கு 1098, மனநல ஆலோசனைக்கு 14416.

யூடியூபில் போடுவதானால் நடித்த பிள்ளைகளும் பெற்றோரும் சம்மதிக்க வேண்டும். கமென்ட் பகுதியை மூடிவிடுங்கள்.