தங்கை ஆல்ட்டோவை விட்டுவிடுகிறாளா?

ஸ்தோத்திரம் சிஸ்டர். தரங்கம்பாடியில் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு நீங்களும் தங்கையும் தம்பியும் பாடிப் பார்க்கும்போது, தங்கை ஆல்ட்டோவை (மெட்டுக்குக் கீழே போகும் பெண் குரல் பகுதியை) விட்டு உங்கள் மெட்டுக்கே வந்துவிடுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அவள் காதில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் எடுத்திருப்பது கீர்த்தனை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பாடல்களைப் போல அது ராகத்தில், ஒரே மெட்டாகப் போவது. நாலு குரலாகப் பிரிந்து பாடத் தோதானவை மேல்நாட்டு மெட்டில் வரும் ஞானப்பாட்டுகள்தான்.

அதனால் பல்லவி முழுக்க அவள் ஆதார ஸட்ஜத்தை (சுருதியின் ‘ஸ’வை) மட்டும் ‘ம்ம்’ என்று பிடிக்கட்டும். சரணத்தின் கடைசி அடியில் மட்டும் குரல்கள் பிரியட்டும். அந்த ஒரு அடியை அவள் கீபோர்டு இல்லாமல், தனியாக, மனப்பாடமாகப் பாடிவிட வேண்டும். அப்புறம் நீங்கள் மெல்ல முனகிச் சேருங்கள். தம்பிக்குக் குரல் உடைகிற வயது, பாவம். சுருதியை அரைக் கட்டை இறக்குங்கள், உச்ச ஸ்வரங்களில் அவன் பாடாமல் இருக்கட்டும். பாடுவதற்கு முன் வரிகளை மூவரும் ஜெபமாக வாசியுங்கள். எங்கே மூச்சு விடுவது என்பதும் அப்போதே ஒத்துப்போகும்.